கோணலாக நின்ற நீலத் தூக்கு

ஒரு ஆளை உடல் ஓவியத்தால் காணாமல் போகச் செய்ய வேண்டுமென்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது வண்ணத்தை அல்ல. எதற்குள் காணாமல் போவது என்பதைத்தான். இதில் எனக்கும் என் தோழிக்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது.

தோழி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அவளுடைய அப்பாவுக்குக் காரைக்குடியில் நகைப் பட்டறை. பள்ளியிலிருந்தே நாங்கள் ஒன்றாகத்தான் திரிகிறோம். நான் பொறியியல் படித்து, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதித்துக் கொடுக்கிறேன். அதாவது, அடுத்தவர்கள் செய்த வேலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். கேமரா என் சொந்தப் பைத்தியம்.

சென்னையில் சினிமாவுக்கு மேக்கப் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளர் வேலைக்குத் தோழி விண்ணப்பித்திருந்தாள். அவள் அனுப்பிய மணப்பெண் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்களிடம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. உடல் ஓவியம் ஒன்று செய்து, ஒரே ஒரு படம் அனுப்புங்கள். கேமராவில் எடுத்தது எடுத்தபடி வேண்டும், கம்ப்யூட்டரில் தொடக்கூடாது" என்று பதில் போட்டிருந்தார்கள். கடைசித் தேதியும் சொல்லியிருந்தார்கள். அது தவறினால், திருப்பத்தூரில் அவளுடைய அத்தை நடத்தும் பியூட்டி பார்லரில் புருவம் திருத்த உட்கார வேண்டியதுதான். அவள் அப்பா ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார். "நான் செய்யுற நகை பேத்தி கழுத்து வரைக்கும் கெடக்கும். நீ செய்யுறது சாயந்தரம் குழாயைத் தொறந்தா போயிரும்" என்பது அவர் அவளிடம் அடிக்கடி சொல்லும் வசனம்.

தோழிக்கு அரண்மனை மாதிரி வீடு, தூண், பூப்போட்ட தரை என்று ஆசை. நான் மறுத்துவிட்டேன். காரைக்குடி என்றதும் எல்லாரும் தூணில்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும் நாளும் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். அண்டா, குடம், அடுக்கு, எனாமல் தட்டு, பிடிவைத்த தூக்கு, கரண்டி, விளக்கு, துடைப்பம் வரைக்கும் இருக்கும். உறவுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்றால் சும்மா பார்ப்பதில்லை. தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்கள். என் கம்பெனியில் இப்படிப்பட்ட நான்கு பேர் இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

சித்தப்பா வீட்டில் எனாமல் சாமான்களுக்கென்றே சுவரோரம் படி கட்டி, நீலம், சிவப்பு, பச்சை என்று தூக்குகளும் தட்டுகளும் அடுக்கியிருந்தார்கள். தோழி அதைப் பார்த்ததும் சண்டையை நிறுத்திவிட்டாள்.

"இதுதான். இதுக்குள்ள ஒரு ஆளை ஒளிச்சிருவேன்" என்றாள்.

ஆள்தான் பிரச்சினை ஆயிற்று. ஜிம் வைத்திருக்கும் ஒருவர் மாடலாக நிற்கிறேன் என்று சொல்லியிருந்தார். படம் எடுப்பதற்கு முந்தின நாள் கூப்பிட்டு, உடம்பில் பூ டிசைன் வரும் என்பது தெரியாமல் ஒத்துக்கொண்டதாகச் சொல்லிப் பின்வாங்கிவிட்டார். புலி, சிறுத்தை என்றால் பரவாயில்லையாம். எனாமல் தட்டுப் பூ என்றால் ஊரில் தலை காட்ட முடியாதாம்.

நாங்கள் இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தபோது, கல்யாணப் பெண்ணான என் தங்கை அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் உக்காரட்டுமா?"

"உனக்கு இன்னும் ரெண்டு நாள்ல கல்யாணம்" என்றேன்.

"அதான் சொல்றேன். நாளைக்கு எல்லாரும் வந்து சாமானைப் பாத்துப் பாத்துப் பேசுவாக. என்னைப் பத்தியும் பேசுவாக. என்னை மட்டும் ரூம்ல போட்டுப் பூட்டிருவீக. நானும் அங்கனயே சாமானோட சாமானா உக்காந்து கேக்குறேனே."

அவளுக்குக் கலையில் துளிகூட அக்கறை இல்லை. ஒட்டுக் கேட்கும் ஆசைதான். ஆனால் அந்த முகத்தில் இருந்த ஆர்வத்தை எவ்வளவு காசு கொடுத்தும் மாடலிடம் வாங்க முடியாது.

நான் உடனே திட்டம் எழுதினேன். திட்டம் இல்லாமல் எனக்குக் காப்பிகூட இறங்காது. முதலில் மணிக்கட்டில் வண்ணத்தைத் தடவி, ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தோம். அரிப்பு, தடிப்பு எதுவும் வரவில்லை. அடுத்தது உட்காரும் இடம். படிகளுக்கு முன்னால் ஒரு பெரிய பித்தளை அண்டாவை நகர்த்தி, அதன் பின்னால் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தால் இடுப்புக்குக் கீழே அண்டா மறைத்துவிடும். வண்ணம் தீட்ட வேண்டியது மேல்பாதி மட்டும்தான். கையில்லாத வெள்ளை பனியன் ஒன்று போட்டு அதன்மேலும் தீட்டிவிடலாம். தலைமுடிக்கு நீச்சல் தொப்பி. வியர்வைக்கு டேபிள் ஃபேன். சித்தி கேட்டால் என்ன சொல்வது என்பதையும் எழுதினேன்: "முகத்துக்கு ஏதோ பூசுகிறோம்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தோம். இந்த வகை ஓவியத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் பொருந்தும். ஓரடி தள்ளி நின்று பார்த்தால் தட்டு ஒரு பக்கம், தட்டின் விளிம்பு ஒரு பக்கம் என்று உடைந்து போகும். அதனால் ட்ரைபாடின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் சிவப்பு டேப் ஒட்டினேன். தங்கை உட்காராத வெறும் படிகளை முதலில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அவளை உட்காரவைத்து, லேப்டாப் திரையில் பழைய படத்தையும் கேமராவில் நேரடியாகத் தெரிவதையும் ஒன்றின்மேல் ஒன்றாக மங்கலாகத் தெரியும்படி வைத்தேன். அவள் உடம்பு எந்தத் தூக்கை மறைக்கிறது, அந்தத் தூக்கின் கோடு அவள் தோளில் எங்கே போக வேண்டும் என்பது அப்படியே தெரிந்தது. நான் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தோழி தீட்டினாள்.

"விளிம்பு இன்னும் கொஞ்சம் மேல. இல்ல, உனக்கு மேல இல்ல, அவளுக்கு மேல."

"ரெண்டு பேருக்கும் மேல ஒரே பக்கந்தாண்டி இருக்கு."

"கழுத்துக்கிட்ட பச்சைத் தட்டு வளையணும்."

"கூசுது" என்றது தட்டு.

"பேசாத. தட்டு பேசாது."

வலது தோளில் ஒரு நீலத் தூக்கு, இடது தோளில் சிவப்பு, நெஞ்சுக்கு மேலே பூப்போட்ட தட்டு, முகத்தில் இன்னொரு பெரிய தட்டு. கண்ணை மூடினால் இமைகள் இரண்டும் அந்தத் தட்டின் பூவிதழ்கள். எனாமல் பளபளப்புக்காக ஒவ்வொரு தூக்கின் வயிற்றிலும் ஜன்னல் வெளிச்சம் விழுவதுபோல ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் கீற்றைப் போட்டதும் நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தங்கை இல்லை. உண்மையாகவே இல்லை.

"கண்ணைத் தொற" என்றேன். தட்டின் நடுவில் இரண்டு கண்கள் திறந்தன. எனக்கே திடுக்கென்றது.

முற்றத்து வெயில் படிகளின் பக்கம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் கார் நின்றது.

என் பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சாயங்காலம் வருவதாகத்தான் சொல்லியிருந்தார். கூடவே வலையபட்டி ஆச்சியும் வந்திருந்தார். அவர் சித்தியின் அண்ணன் மனைவி. ஒருவர் மாப்பிள்ளைக்கு அனுப்பும் பலகாரத்தில் நெய் போதாது என்றால், மற்றவர் நெய் வழிகிறது என்பார். சித்தி கோயிலுக்குப் போயிருந்தார். நடுவில் நிறுத்தி வைக்க ஆளே இல்லை.

எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. கேமராவைச் சில விநாடிகளுக்கு ஒரு முறை தானாகவே எடுக்கும்படி, சத்தம் வராத முறையில் அமைத்தேன். தோழி வண்ணப் பெட்டியோடு கதவுக்குப் பின்னால் போனாள். டேபிள் ஃபேனைத் தங்கை பக்கமிருந்து திருப்பிவிட்டு, நான் வாசலுக்கு ஓடினேன்.

ஓடும்போதே புரிந்துவிட்டது. அவர்கள் பக்கவாட்டில் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். கேமரா இருக்கும் கோட்டிலேயே அவர்களை நடத்திக்கொண்டு வர வேண்டும்.

"வாங்க அயித்தை, வாங்க ஆச்சி. இங்குட்டு வாங்க. அங்குட்டுத் தரையில எண்ணெய் கொட்டிருச்சு, வழுக்கும்."

"கல்யாண வீட்டுல எண்ணெயைக் கொட்டி வச்சா யாரு வாரது?" என்றார் அத்தை.

"வழுக்குனாப் புடிக்கத்தான் நான் இருக்கேன்ல" என்றார் வலையபட்டி ஆச்சி.

"நீங்க புடிச்சா ரெண்டு பேருமா விழுவோம்."

இருவரையும் ட்ரைபாடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். "இங்கருந்து பாத்தாத்தான் மொத்தமும் தெரியும்" என்றேன். அதிலும் பொய் இல்லை.

அத்தைக்குத் தூரத்துப் பார்வை கழுகு. எதிர்வீட்டு மாடியில் காயும் புடவையில் கறை இருந்தாலும் இங்கிருந்தே சொல்லிவிடுவார். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியை எப்போதும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்.

"எனாமலு நெறையத்தான் வாங்கிருக்காக" என்று ஆரம்பித்தார் வலையபட்டி ஆச்சி. "பித்தளைதான் கம்மி."

"பித்தளை பின்கட்டுல இருக்கு. முன்னாடி இருக்கிற அண்டா கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

"தெரியுது, தெரியுது. பொண்ணு எங்க? காணோமே."

இருவரும் பெண்ணை நேராகப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

"முகத்துக்கு ஏதோ பூசுறோம் ஆச்சி" என்றேன்.

"பூசுங்க, பூசுங்க. எவ்வளவு பூசுனாலும் மூக்கு அவுக அப்பச்சி வீட்டு மூக்குல்ல. அதை என்ன செய்ய?"

அத்தை திரும்பினார். அப்பா வீட்டு மூக்கு என்றால் அது அவருடைய மூக்கும்தான்.

"மூக்கு எங்க வீடு. வாயி உங்க வீடு. மாப்பிள்ளை வீட்டுக்காரக ரெண்டு நாள்ல மூக்கை மறந்துருவாக. வாயைத்தான் மறக்க மாட்டாக."

படியில் ஒரு தட்டு லேசாக நடுங்கியது. தங்கை சிரிப்பை அடக்கும்போது தோள் குலுங்கும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் அந்தத் தோளால் எத்தனை முறை மாட்டிக்கொண்டிருக்கிறாள்! இப்போது வலது தோள் மெதுவாக மேலே ஏறி, அப்படியே நின்றுவிட்டது.

அத்தை கண்ணைச் சுருக்கினார்.

"அந்த நீலத் தூக்கு ஏன் கோணலா இருக்கு? யாரு அடுக்குனது?"

"நான்தான் அயித்தை. நீங்க இருங்க, நான் சரி பண்றேன்."

"நீ இன்ஜினியரு. தூக்கு அடுக்குறதெல்லாம் உங்க படிப்புல வராது. தள்ளு."

அவரை மறிக்க என் திட்டத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அத்தை நேராக நடந்தார். அண்டா வழியை மறித்ததால் இடப்பக்கமாகச் சுற்றிப் போனார். கிட்டத்தில் போனதும் அவருக்கு எல்லாமே கலங்கல்தான் என்பது என் ஒரே ஆறுதல். கையை நீட்டித் தூக்கைப் பிடித்து நேராக அழுத்தினார்.

தூக்கு சூடாக இருந்தது. மெத்தென்றும் இருந்தது. போதாக்குறைக்கு, பக்கத்திலிருந்த தட்டு ஒரு கண்ணைத் திறந்து, "அயித்தை, நான்தான்" என்றது.

அத்தை போட்ட சத்தத்தில் பின்கட்டிலிருந்து சமையற்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். அடுக்கியிருந்த ஒரு சாமான்கூட விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தை பின்னால் நகரும்போதுகூட அண்டாவைப் பிடித்து நேராக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

விழுந்தது வலையபட்டி ஆச்சிதான். சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி, கல்யாணப் பொண்ணு சாமானோட சாமானா வந்து உக்காருறதா?" என்று அத்தைக்கு மூச்சு வாங்கியது.

"என்னையும் சேத்துத்தானே அயித்தை அனுப்பி வைக்கிறீக?" என்றாள் தங்கை.

அத்தை வண்ணம் ஒட்டிய கையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "மொதல்ல போயிக் கழுவு. புளி போட்டுத் தேச்சாத்தான் போகும்போல" என்றார்.

தங்கை குளிக்கப் போனாள். நாங்கள் இருவரும் லேப்டாப்பில் படங்களைப் பார்த்தோம். ஆச்சிகள் வருவதற்கு முன் எடுத்தவற்றில் ஒன்று குறையே இல்லாமல் வந்திருந்தது. வெளிச்சம் சரி, கோடுகள் சரி, கீற்றுகள் சரி. கோயிலிலிருந்து வந்த சித்தி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சாமானை நல்லா எடுத்திருக்கியே. ஆல்பத்துல போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தோழியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் திட்டத்திலேயே ஓட்டை இருந்திருக்கிறது. ஆளே தெரியாதபடி தீட்டினால், பார்ப்பவருக்குத் தெரிவது வெறும் பாத்திரம்தான். பாத்திரக் கடை விளம்பரத்தைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள்? மறுபடி தீட்டவும் வழியில்லை. சாயங்காலம் வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் கடைசித் தேதி.

"திருப்பத்தூருக்குப் பஸ்ஸு நெறைய இருக்கு" என்றாள் தோழி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நான் அடுத்தடுத்த படங்களைத் தள்ளினேன். கேமரா யார் சொல்லையும் கேட்காமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தை நடப்பது. அத்தை அண்டாவைச் சுற்றுவது. அதற்கு அடுத்தது.

அதில் அத்தையின் கை நீலத் தூக்கின் மேல் இருந்தது. விரல்கள் தூக்குக்குள் லேசாக அமிழ்ந்திருந்தன, எனாமலில் அமிழ முடியாத மாதிரி. பூப்போட்ட தட்டின் நடுவில் ஒரே ஒரு கண் திறந்திருந்தது. அத்தையின் வாயும் திறந்திருந்தது. பார்க்கிறவர் முதலில் அத்தையைப் பார்ப்பார், பிறகு கையை, பிறகு கண்ணை, அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு பெண் முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும் திடுக்கிடுவார்.

தோழி என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது.

ஆனால் படத்தைப் பற்றிச் சொல்லி, அனுப்பலாமா என்று கேட்டதும் அத்தை கூடத்திலிருந்தே சொல்லிவிட்டார்: "அழி அதை. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறதை மெட்ராஸ்ல நாலு பேரு பாக்கவா?"

"அயித்தை, இவளுக்கு அதுல வேலையே இருக்கு."

"வாயை மட்டும் மூடிவிடு. கம்ப்யூட்டர்ல முடியும்ல?"

"தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காக" என்றாள் தோழி.

"அப்ப அழி."

அவரைத் தாண்டி அந்தப் படத்தை அனுப்பியிருக்கலாம்; அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அது அவருடைய முகம். கேட்காமல் அனுப்ப எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. அதனால் நான் வேறொரு காரியம் செய்தேன். குறையில்லாமல் வந்த அந்த முதல் படத்தைத் திரை முழுக்க வைத்து, வலையபட்டி ஆச்சியிடம் கொண்டுபோனேன்.

"ஆச்சி, இதுல பொண்ணு எங்க இருக்கா, சொல்லுங்க?"

"இதென்ன பெரிய காரியம்?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். லேப்டாப்பைத் தள்ளி வைத்துப் பார்த்தார். கடைசியில் மேல்படியில் இருந்த ஒரு சிவப்பு வாளியைத் தொட்டு, "இந்தா" என்றார். அது வாளிதான்.

அத்தை எழுந்து வந்தார்.

"நேர்ல பாத்தும் தெரியல, படத்துலயும் தெரியலையா உங்களுக்கு?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?"

"தெரியாமத்தான் நேரா நடந்து போனேனா? அத்தனை தூக்கு இருந்துச்சு. எந்தத் தூக்குல கையை வச்சேன்? சொல்லுங்க பாப்போம்."

வலையபட்டி ஆச்சி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர்கள் வீட்டு வாய்க்கு அது அபூர்வம்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "அந்தப் படத்தைக் காட்டு." பார்த்தார். விரலால் திரையில் தன் காதைத் தொட்டார். "தோடு நல்லா விழுந்திருக்கே."

"நல்லா விழுந்திருக்கு அயித்தை."

"இது பயந்த மொகம் இல்ல. கண்டுபுடிச்ச மொகம். அப்படின்னு எழுதி அனுப்பு."

தோழி அப்படியே எழுதினாள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "கண்டுபிடித்தவர்: என் தோழியின் அத்தை." அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது அவள் விரலில் இன்னும் நீல வண்ணம் இருந்தது.

பதில் கல்யாணத்தன்று காலையில், அவள் தங்கைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது: அந்த அம்மா நடிப்பாரா? அதை அத்தையிடம் சொன்னேன். "சம்பளம் என்னன்னு கேளு" என்றார், சிரிக்காமல்.

தோழி சென்னைக்கு ரயில் ஏறிய அன்று, அத்தை என்னிடம் ஒரு பை கொடுத்து அனுப்பினார். உள்ளே ஒரு நீல எனாமல் தூக்கு, அது நிறையச் சீப்புச் சீடை. தங்கையின் உடம்பு அன்றைக்கு மறைத்துக்கொண்டிருந்த அதே தூக்குதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன சாமானிலிருந்து அதை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. தங்கை ஃபோனில் இன்றுவரை அதற்காக என்னோடு சண்டை போடுகிறாள்.

தூக்கை ஜன்னல் வழியாகத் தோழியிடம் கொடுத்துவிட்டு, அத்தை சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"கோணலாப் புடிக்கக் கூடாதாம்."